ஆம்ஸ்ட்ராங்கா, குளோன் 13-ஆ: ஒரே வைரஸ், இரண்டு கதை

எல்.சி.எம்.வி. (லிம்போசைட்டிக் கோரியோமெனிஞ்சைட்டிஸ் வைரஸ்) என்பது சுண்டெலிகளின் வைரஸ். நோயெதிர்ப்பைப் படிக்கும் ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது அதன் இரண்டு ரகங்கள்: ஆம்ஸ்ட்ராங், குளோன் 13. எந்த ஆய்வுக்கு எது? ஆம்ஸ்ட்ராங்கை எலிக்கு ஏற்றினால் கொலையாளி டி செல்கள் (தொற்றிய செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்பு செல்கள்) படையாகப் பெருகி, சுமார் எட்டு நாளில் வைரஸைத் துடைத்துவிடும், அப்புறம் அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் மட்டும் காவலுக்கு மிஞ்சும். அவ்வளவுதான்.

வில்லங்கம் குளோன் 13-இல். பிறந்தவுடன் ஆம்ஸ்ட்ராங் தொற்றிய எலிகளின் மண்ணீரலில் கிடைத்தது இது. முக்கியமான வித்தியாசம் இரண்டே அமினோ அமிலங்கள்: ஒன்று செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்தில், இன்னொன்று நகலெடுக்கும் நொதியில். ரத்த நாளம் வழியாக அதிக அளவில் ஏற்றினால் ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம், சிறுநீரகத்தில் அதற்கும் மேலே குடியிருக்கும். (அளவைக் குறைத்தால் இதையும் எலி விரட்டிவிடும், எனவே ஆய்வுக் கட்டுரையில் ரகத்தோடு அளவையும் பாருங்கள்.)

இங்கே டி செல்கள் சாவதைவிட ஓய்ந்துபோவதுதான் பெரிய விஷயம். டி செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில் முதலில் ஐஎல்-2 சுரப்பு போகும், இன்டர்ஃபெரான் காமா கடைசிவரை தாக்குப்பிடிக்கும், செல்லின் மேல் பிடி-1 என்ற பிரேக் புரதம் ஏறி உட்கார்ந்திருக்கும். 2006-இல் அந்த பிரேக்கை அழுத்தும் பிடி-எல்1 புரதத்தை மறித்தபோது ஓய்ந்த செல்கள் மறுபடி எழுந்து வைரஸைக் குறைத்தன. ஆனால் பிறவியிலேயே பிடி-எல்1 இல்லாத எலிகள் குளோன் 13 தொற்றியதும் செத்துப்போயின, தங்கள் டி செல்கள் செய்த சேதத்தாலேயே. ஓய்வு வெறும் தோல்வி இல்லை, பிரேக்கும்கூட.

தடுப்பூசி தரும் நோயெதிர்ப்பு நினைவைப் படிக்க ஆம்ஸ்ட்ராங் போதும். எச்.ஐ.வி., நாள்பட்ட கல்லீரல் அழற்சி, புற்றுநோய் என டி செல்கள் ஓய்ந்துபோகும் நோய்கள் என்றால் என் ஓட்டு குளோன் 13-க்குத்தான்.