கரியமில வாயுச் சேமிப்பைக் கண்காணிக்க: நில அதிர்வா, ஈர்ப்பா?

நிலத்தடியில் சேமித்த கரியமில வாயுவைக் கண்காணிக்க இரண்டு முறைகள் உண்டு: ஒலியலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியிலிருந்து படம் எடுப்பது நில அதிர்வு முறை; ஈர்ப்பு விசையின் சிறு மாற்றத்தை அளப்பது ஈர்ப்பு முறை. இரண்டில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்று குழம்புபவர்கள் முதலில் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலைப் பார்க்க வேண்டும். வட கடலுக்கு அடியில், உட்சிரா மணற்கல்லில், 1996இல் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். இரண்டு முறைகளையும் அங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தெளிவு
நில அதிர்வு: 1994இல் எடுத்த படத்தோடு 1999 படத்தை ஒப்பிட்டபோது, வாயு மெல்லிய அடுக்குகளாகப் பரவியிருப்பது பளிச்சென்று தெரிந்தது.
ஈர்ப்பு: மங்கலான ஒரு திட்டுதான்.

எவ்வளவு இருக்கிறது?
நில அதிர்வு: பாறைத் துளைகளில் கொஞ்சம் வாயு புகுந்தாலே ஒலியின் வேகம் சட்டென்று இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாறைத் துளைகளில் இருக்கும் உப்புநீரில் கரைந்துபோன வாயுவோ கிட்டத்தட்ட கண்ணிலேயே படாது.
ஈர்ப்பு: நிறை மாற்றத்தை நேரடியாக உணர்கிறது. கனமான உப்புநீரை லேசான வாயு ஒதுக்கித் தள்ளும்போது ஈர்ப்பு துளியளவு குறையும். கரைந்த பங்குக்கு வரம்பு கட்ட இது உதவும். இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

செலவு, சிரமம்
நில அதிர்வு: கப்பல், நீண்ட கேபிள்கள், நெடிய தரவுப் பணி. செலவு அதிகம்.
ஈர்ப்பு: கடல்தரையில் கான்கிரீட் மேடைகள், 2002இல் ரோபோ வாகனம் அவற்றின் மேல் கருவியை வைத்து அளந்தது. மலிவு. ஆனால் மேடை சற்று அமிழ்ந்தாலும் கணக்கு பிசகும். அதையும் திருத்த வேண்டும்.

வாயு எங்கே நகர்கிறது, மேலே கசிகிறதா என்பதே கவலையென்றால் நில அதிர்வு. ஒன்றுக்குத்தான் காசு என்றாலும் அதுவே. அளவும் கரைதலும் தெரிய வேண்டுமென்றால் ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.