நிற்க வேண்டிய கோடும் அழிய வேண்டிய கோடும்

பத்து மில்லிமீட்டர் தகட்டில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு காஸ் கட்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. தீ எட்டுவதற்கு ஓர் அங்குலம் முன்பாகவே கோடு பழுப்பேறிப் புகைந்து காணாமல் போய்விடும். அதே தகட்டில் பிரெஞ்சு சாக்கால் போட்ட கோடு வெள்ளை வெளேரென்று நிற்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகவும் கண்ணுக்குத் தெரியும். மார்க்கரின் மை சாயமும் பிசினும் கலந்தது என்பதால் சூட்டில் எரிந்துவிடுகிறது. கல்சட்டி செய்யும் மாக்கல் இனத்தைச் சேர்ந்த சாக்கில் எரிவதற்கு ஒன்றுமில்லை.

கிரில், ஷெட், மாடிப்படி என்று இரும்பு வேலை செய்யும் எங்கள் சிறு பட்டறையில் கோடு போடும் கருவிகளைப் பற்றிய தகராறு ஓய்ந்ததே இல்லை. எது அதிக நாள் உழைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கோடு எதுவரை நிற்க வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்று கேட்டால் தகராறு பாதி தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

முதலில் சாக்கையே எடுத்துக்கொள்வோம். விலை மிகக் குறைவு; வெயிலில் கிடந்தாலும் உலராது; வெல்டிங் வரும் இடத்தில் இருந்தாலும் பற்றுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் இந்த சாக் டால்க் என்னும் கனிமம்; கனிமங்களிலேயே மிக மென்மையானது அதுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் எண் 1. ஆகவே கரடுமுரடான இரும்பில் நான்கு கோடு இழுப்பதற்குள் முனை மழுங்கி, கோடு 2 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடித்துவிடும். அதற்குப் பிறகு கோட்டின் எந்த விளிம்பில் வெட்டுவது என்பது வெட்டுபவரின் மனசாட்சிக்கு விடப்பட்ட விஷயம். குச்சியின் இரு பக்கத்தையும் அரத்தில் தேய்த்து உளி முனைபோலத் தட்டையாக்கிக்கொண்டால் 1 மில்லிமீட்டருக்குள் கோடு வரும். சோம்பலால் பலரும் அதைச் செய்வதில்லை. எண்ணெய் படிந்த குழாயில் சாக் பிடிக்காது. மழைத் தூறல் பட்டாலும் கை உரசினாலும் போய்விடும்.

அந்த இடத்தில்தான் பெயின்ட் மார்க்கர் வருகிறது. துருப்பிடித்த ஆங்கிளிலும், லேசாக எண்ணெய் பூசிய குழாயிலும், வெளியில் மழையில் கிடக்கும் சேனலிலும் அது ஒன்றுதான் நின்று பேசும். சாதாரண மார்க்கரின் பஞ்சு முனை இரும்பின் கருஞ்செதிலில் தேய்ந்து நூல்நூலாகப் பிரிந்துவிடும். மூடியைத் திறந்து வைத்தால் மே மாத வெயிலில் அன்றைக்கே உலர்ந்தும் போகும். விலை கூடுதல் என்றாலும் வெளி வேலைக்கு என் ஓட்டு பெயின்ட் மார்க்கருக்குத்தான். வெல்டிங் ஓடும் இடத்தில் மட்டும் அதைப் பூசக் கூடாது. பூசியிருந்தால் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். எரியும் பெயின்டிலிருந்து எழும் வாயு, பற்றுக்குள் புகுந்து ஊசித் துளைகளை உண்டாக்கும்.

சாதாரண மார்க்கரின் மீது எனக்குத் தனிக் கோபமே உண்டு. ஒரு வீட்டு கேட்டின் சட்டங்களில் மார்க்கரால் எண் போட்டு, அதன் மேலேயே வெள்ளை எனாமல் அடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்றே நாளில் எண்கள் ஊதா நிறத்தில் மேலே வந்து எட்டிப் பார்த்தன. மையிலுள்ள சாயம் பெயின்டின் தின்னரில் கரைந்து மேல்பூச்சு வரை ஏறிவிடும். இன்னொரு கோட் அடித்தாலும் மறுபடி ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கவலை வேறு வகையானது. மையிலுள்ள குளோரைடு, சூடும் இழுவிசையும் சேரும் இடத்தில், உலோகத்தில் விரிசல் விழக் காரணமாகலாம் என்பதால், அணுமின் நிலையக் குழாய் வேலைகளில் குளோரைடு அளவு கட்டுப்படுத்தப்பட்ட மார்க்கரையே அனுமதிக்கிறார்கள்.

துல்லியம் என்று வந்துவிட்டால், கூரிய எஃகு முனையால் கீறிக் கோடு போடும் ஸ்கிரைபரோடு மற்றவற்றை ஒப்பிடுவதே வீண். ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று: வார்ப்பின் கரடான பரப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அரம் போட்டு மினுக்கிய இரும்புக்கு மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். கரைசல் பட்டதும் இரும்பின் மேல் மெல்லிய செம்புப் படலம் படியும். அதில் ஸ்கிரைபரை இழுத்தால் செம்பு நிறத்தின் நடுவே மயிரிழை போல இரும்பு பளபளக்கும். கோட்டின் மேல் 60 டிகிரி முனை கொண்ட டாட் பஞ்ச் என்னும் குத்தூசியால் வரிசையாகப் புள்ளி குத்தி வைத்தால், கோடு அழிந்தாலும் புள்ளிகள் சாட்சி சொல்லும். டிரில் போடும் மையத்துக்கு 90 டிகிரி சென்டர் பஞ்ச்.

ஆனால் ஸ்கிரைபர் போடுவது கோடு அல்ல, காயம். தகட்டை மடிக்கப்போகும் இடத்தில் கீறினால், மடிப்பின் வெளிப்பக்கத்தில் அந்தக் கீறலிலிருந்தே வெடிப்பு தொடங்கும். அலுமினியத்தில் இது இன்னும் மோசம். துத்தநாகப் பூச்சுள்ள ஷீட்டில் கீறினால் பூச்சு போய், துருவுக்கு வழி திறக்கும்.

அப்படியானால் ஷீட்டில் பென்சிலால் போடலாமே என்று தோன்றும். கூடாது. பென்சிலின் கிராஃபைட்டும் துத்தநாகமும் அலுமினியமும் ஈரத்தில் சேரும்போது சின்ன பேட்டரி போலச் செயல்பட்டு, கோடு போன வழியே உலோகம் அரிக்கப்படும். கூரை ஷீட்டுக்கு மார்க்கரே மேல். மேலே சொன்ன கோபத்தை அந்த ஓர் இடத்தில் நான் அடக்கிக்கொள்கிறேன். பென்சிலின் ராஜ்யம் மரம். உருண்டு ஓடாத தட்டைப் பென்சிலை உளியாலேயே சீவிக்கொள்ளலாம். இப்போது வரும் 2.8 மில்லிமீட்டர் லெட் போட்ட நீள்மூக்குப் பென்சில் ஆழமான திருகுத் துளைக்குள்ளும் எட்டுகிறது. பொருத்து வேலைக்கு மட்டும் கத்தி முனைக் கோடே சரி.

சுவரிலும் தரையிலும், வண்ணப் பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடும் நூல் அடிப்பதை வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை. நீலப் பொடி கழுவினால் போகும். செங்காவி லேசில் போகாது. ஆகவே டைல்ஸ் மூடிவிடும் இடத்தில் காவி, வெள்ளை அடிக்கப்போகும் சுவரில் நீலம்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும், ஒரு முறை மாடிப்படித் தாங்கிகள் நாற்பதுக்கும் பெயின்ட் மார்க்கரால் எண் போட்டு, துத்தநாகப் பூச்சு ஏற்றும் கால்வனைசிங்குக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பூச்சு ஏற்றுவதற்கு முன் இரும்பை அமிலத் தொட்டியில் கழுவுவார்கள். அமிலம் துருவைத் தின்னுமே ஒழிய எண்ணெய்ப் பெயின்டைத் தின்னாது. சுமார் 450 டிகிரி துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்தபோது, பெயின்ட் இருந்த இடத்தில் மட்டும் பூச்சு ஒட்டவே இல்லை. வண்டியிலிருந்து இறக்கிய உதவியாளர், "அண்ணே, நம்பர் எல்லாம் நல்லாத் தெரியுது" என்றார். வெள்ளி போல மின்னிய தாங்கியில் 17 என்ற எண் வெற்று இரும்பாகக் கறுத்துக் கிடந்தது.

இப்போது கால்வனைசிங்குக்குப் போகும் எதற்கும், முனையில் எண் பொறித்த எஃகு பஞ்ச்சை வைத்து அடித்துத்தான் அனுப்புகிறோம். மேலோட்டமாக அடித்தால் துத்தநாகம் பள்ளத்தை நிரப்பிவிடும் என்பதால், ஓர் எண்ணுக்கு இரண்டு பவுண்டு சுத்தியலில் ஒரே ஓங்கிய அடி. இரண்டாவது அடி விலகிவிழுந்தால் 3, 8 ஆகிவிடுகிறது.