மதுரையில் செகண்ட்ஹேண்ட் மினி பிசி வாங்கி வீட்டில் கிளஸ்டர் போடுபவர்கள் கவனத்துக்கு

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் கடையில், பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டருக்கென்று மூன்று டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ வாங்கினோம். கிளஸ்டர் என்றால் பல மெஷின்களை ஒன்றாக இணைத்து ஓட்டுவது; பிராக்ஸ்மாக்ஸ் அதற்கான மென்பொருள், ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும். ஒன்று 14,500 ரூபாய். அதில் ஒன்று 3060-யே இல்லை. மேல்கூடு 3060, முன்னால் எட்டாம் தலைமுறை ஐ5 ஸ்டிக்கர், விண்டோஸில் பார்த்தாலும் ஐ5-8500டி. உள்ளே இருந்தது 3050 போர்டும் ஐ5-6500டி சிப்பும். "சீல் பிரிக்காதது" என்று தனியாகக் காசு வாங்கிப் போட்டுக் கொடுத்த 512 ஜிபி எஸ்எஸ்டிகளில் இரண்டு ஏற்கெனவே நன்றாக ஓடித் தேய்ந்தவை. விற்கும்போது கடைக்காரர் சொன்னது: "அண்ணே, மூணும் ஒரே லாட்டு, பெங்களூரு ஐடி கம்பெனில கழிச்சது. யோசிக்காம எடுத்துட்டுப் போங்க."

இந்த ஏமாற்று இப்போது பெருகக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் சிப்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை அலுவலகங்கள் மூட்டை மூட்டையாகக் கழித்துக் கட்டுகின்றன. அவை வியாபாரிக்கு மிக மலிவாகக் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறைக்கோ இன்னும் நல்ல விலை. 3050, 3060 இரண்டின் கூடும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? விண்டோஸ் காட்டும் ப்ராசஸர் பெயரை ரிஜிஸ்ட்ரியில் மாற்றி, பூட் ஆகும்போதெல்லாம் அதையே எழுதும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்துவிட்டால் போதும். டாஸ்க் மேனேஜரில் கோர் எண்ணிக்கை மட்டும் மாறாது: 8500டி என்றால் 6, 6500டி என்றால் 4.

"ஒண்ணு கொஞ்சம் பழசா இருந்தா என்ன சார், ஓடுதுல்ல?" என்று கேட்கிறார்கள். தனி மெஷின் என்றால் ஓடும். ஒரு மெஷின் நின்றாலும் வேலை தொடரும் ஹை அவைலபிலிட்டி (ஹெச்ஏ) கிளஸ்டரில் ஒரு நோடு, அதாவது ஒரு மெஷின், விழும்போது மற்ற இரண்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். மூன்றிலும் 16 ஜிபி ராம் என்றால், ஒவ்வொன்றிலும் பிராக்ஸ்மாக்ஸுக்கும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறை) கேஷுக்கும் சேர்த்து 3 ஜிபி ஒதுக்கி, இரண்டு நோடுக்கு 26 ஜிபி. விஎம்கள் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். ஒன்றில் 8 ஜிபிதான் இருந்தால், நல்ல நோடு விழும் நாளில் மிஞ்சுவது 18 மட்டுமே. சிப் தலைமுறை வேறானால் இன்னொரு சிக்கல்: விஎம்மின் சிபியு வகையை 'ஹோஸ்ட்' (மெஷினின் சிப்பை அப்படியே காட்டுவது) என்று வைத்திருந்தால் லைவ் மைக்ரேஷனில் (ஓடும் விஎம்மை வேறு நோடுக்கு மாற்றும்போது) விஎம் தொங்கிப் போகலாம். அப்படிப்பட்ட கலவைக் கிளஸ்டரில் இரு தலைமுறைக்கும் பொதுவான 'எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்' வகையே பாதுகாப்பு.

எஸ்எஸ்டி விஷயம் இதைவிட மோசம். ஒன்றில் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கருவி) ஓட்டியதும் பவர் ஆன் ஹவர்ஸ் (ஓடிய மணி நேரம்) 11,000-க்கு மேல், பர்சன்டேஜ் யூஸ்டு (தேய்ந்த ஆயுள் சதவீதம்) 41, எழுதிய தரவு 84 டிபி. புது டிரைவ் என்றால் இந்த எண்கள் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கிளஸ்டரில் ஹெச்ஏ சர்வீஸ்கள் தங்கள் நிலையைச் சில வினாடிக்கு ஒரு முறை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். இசட்எஃப்எஸ் அதை இன்னும் பெருக்கும். பாதி ஆயுள் போன டிரைவுக்கு இது தாங்காது. கரண்ட் திடீரென்று போனாலும் தரவைக் காக்கும் பவர் லாஸ் ப்ரொடக்‌ஷன் உள்ள பழைய என்டர்ப்ரைஸ் டிரைவ், அதே விலைக்குக் கிடைக்கும் 'புது' மலிவு டிரைவைவிட நல்லது. பிராக்ஸ்மாக்ஸின் வேகச் சோதனைக் கட்டளையான பிவிஇபெர்ஃப் ஓட்டினால் எஃப்சிங்க் (வினாடிக்கு எத்தனை முறை டிஸ்க்கில் உறுதியாக எழுதி முடிக்கிறது என்பது) எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்: சாதாரண டிரைவில் சில நூறு, ப்ரொடக்‌ஷன் உள்ளதில் ஆயிரக்கணக்கில்.

ஆகவே காசு கொடுக்குமுன் கடை மேஜையிலேயே சோதியுங்கள். டெபியன் அல்லது உபுண்டு லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே லினக்ஸைக் கிளப்புவது) ஒன்று கொண்டு போங்கள். விண்டோஸைத் தொடவே வேண்டாம். எல்எஸ்சிபியு கட்டளை சிப்பையும் கோரையும் சொல்லிவிடும். டிஎம்ஐடிகோட் கட்டளையில் ப்ராடக்ட் பெயர், சீரியல் நம்பர், ஒவ்வொரு ராம் ஸ்லாட்டிலும் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். டெல்லில் சீரியல் என்பது ஏழு எழுத்து சர்வீஸ் டேக். கூட்டின் ஸ்டிக்கரில் உள்ள டேகும் பயாஸில் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) உள்ள டேகும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த அந்த மெஷினில் கீழே ஒட்டியிருந்த டேக் ஒன்று, எஃப்2 அழுத்திப் பார்த்தால் பயாஸில் வேறொன்று. டேகை டெல் சப்போர்ட் தளத்தில் போட்டால் ஃபேக்டரியிலிருந்து எந்தச் சிப்போடு வந்தது என்பதும் தெரிந்துவிடும். பயாஸில் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். விஎம் ஓட்ட சிப் தரும் வசதியான விடி-எக்ஸ் அணைந்திருந்து, பாஸ்வேர்டும் தெரியாவிட்டால், கேவிஎம் (விஎம் ஓட்டும் லினக்ஸ் பகுதி) இல்லை என்று சொல்லி விஎம் கிளம்பாது.

அடாப்டரையும் விட்டுவிட வேண்டாம். டெல் அடாப்டரின் நடுப்பின் வழியாக மெஷின் வாட்ஸைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். டூப்ளிகேட் 65 வாட்ஸ் அடாப்டர் என்றால் "அடாப்டர் வகை தெரியவில்லை" என்று திரையில் வரும். கடைக்காரர் எஃப்1 தட்டி அதைத் தாண்டிவிடுவார். பிறகு சிப் வேகம் குறைந்தே ஓடும். சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி பத்து நிமிடம் ஓட்டி, வேகத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்த மெஷின் மதுரை மே மாத வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஏசி கடைக்குள் பாதிதான் காட்டும் என்றாலும், அந்தப் பாதியே உதவும்.

போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி சின்ன விஷயம், ஆனால் நம் ஊரில் பெரிய தலைவலி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மாலைதான் வரும். பேட்டரி செத்திருந்தால் பயாஸ் அமைப்பு அழிந்து, 'ஏசி ரிகவரி' (கரண்ட் திரும்பியதும் என்ன செய்வது என்ற அமைப்பு) பழையபடி பவர் ஆஃபுக்குப் போய்விடும். கரண்ட் வந்தும் நோடு எழுந்திருக்காது. நேரமும் தவறாக இருக்கும். மூன்றிலும் புது பேட்டரி போட்டுவிட்டு ஏசி ரிகவரியை பவர் ஆன் ஆக்குங்கள்.

அதே கடையில் வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸிலும் கைவரிசை. மூன்று நோடு சும்மா இருக்கும்போது தலா 10 முதல் 15 வாட்ஸ், ஸ்விட்ச்சும் ஃபைபர் மோடமும் சேர்த்தால் 60 வாட்ஸ் வரும். 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியில் 84 வாட்-ஹவர். இழப்பு போக அரை மணி நேரத்தைச் சுற்றித் தாங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கீச்சிட்டு அணைந்தால் அது ஸ்டிக்கர் மாற்றிய பழைய பேட்டரி. மூடியைக் கழற்றி டெர்மினலைப் பாருங்கள்: புதுசில் கனெக்டர் ஏறி இறங்கிய கீறல் இருக்காது. யுஎஸ்பி போர்ட் இல்லாத யுபிஎஸ் வேண்டாம். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் என்ற மென்பொருள் மூலம் நோடுகளை முறையாக அணைக்க அது தேவை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். திடீர் திடீரென்று நோடு ரீபூட் ஆவதற்கெல்லாம் கடைக்காரர் பொறுப்பல்ல. இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள மினி பிசிகளில் 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்' (சிப் தொங்கிப் போவது) என்ற பிரச்சினை லினக்ஸில் பலருக்கும் வருவது. நெட்வொர்க் நின்றால் கோரோசிங்க் (நோடுகள் ஒன்றோடொன்று பேசும் சேவை) தொடர்பு அறுந்து, அந்த நோடு கோரம் (பெரும்பான்மை ஓட்டு) இழந்து, ஹெச்ஏ விஎம் இருந்தால் சுமார் 60 வினாடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதை ரீசெட் செய்துவிடும். ஈத்டூல் கட்டளையில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற நெட்வொர்க் வசதிகள் இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் சரியாகும். கோரோசிங்குக்கு இரண்டாவது லிங்காக ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் கொடுப்பதும் நல்லது.

மோசமான நோடைத் திருப்பிக் கொடுக்கும்வரை கிளஸ்டரை நிறுத்திவைக்கத் தேவையில்லை. நல்ல இரண்டு நோடும், மூன்றாவது ஓட்டுக்கு ஒரு ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியில் கோரோசிங்க்-க்யூநெட்டியும் (ஓட்டு மட்டும் போடும் சேவை) போதும்; நோடுகளில் கோரோசிங்க்-க்யூடிவைஸ் நிறுவி, பிவிஇசிஎம் கட்டளை வழியாக க்யூடிவைஸ் செட்டப் கொடுத்தால் முடிந்தது. அப்போது விஎம் எல்லாம் ஒரே நோடில் அடங்க வேண்டும். இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (விஎம் டிஸ்க்கை மற்ற நோடுக்கு நகலெடுப்பது) இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான். விழும்போது அந்த இடைவெளித் தரவு போகும். முக்கியமான விஎம்முக்கு அதைக் குறையுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு முதலில் "லினக்ஸ் போட்டா வாரண்டி கிடையாது சார்", பிறகு "ஓனர் ஊர்ல இல்ல, நாளைக்கு வாங்க". கையில் கொடுத்தது ஜிஎஸ்டி பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு. அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது". அந்த வரியைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு என்பதால் உங்கள் பெயரிலேயே பில் கேளுங்கள், கம்பெனி பெயரில் வேண்டாம். பில்லில் மாடல், சிப், ராம், ஒவ்வொரு மெஷினின் சர்வீஸ் டேக், எஸ்எஸ்டி சீரியல் நம்பர், புதுசா பழசா என்பது, வாரண்டி நாள் எல்லாம் எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.