ஒன் மினிட் பிரிசெப்டர்: நெரிசலான ஓ.பி.யில் நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில்

குடும்ப மருத்துவத்தில் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம்மில் பலருக்கும், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம்மை வியர்க்க வைத்தவரின் குரல்தான் நம் தொண்டையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பயிற்சிக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. கோவை பி.எஸ்.ஜி.யில், ஃபைமர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வி நிறுவனத்தின் ஆசிரியர் ஃபெல்லோஷிப் 2007இல் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் மூன்று நாள் அடிப்படைப் பட்டறை இருக்கிறது. ஆனால் அடிப்படைப் பட்டறை என்றாலே விரிவுரை அரங்கை மனத்தில் வைத்துத்தான் நடக்கிறது: கற்றல் நோக்கங்களை எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, செய்முறைத் திறனைச் சோதிக்கும் ஆஸ்கி தேர்வு நடத்துவது. குடும்ப மருத்துவத் துறையே இல்லாத கல்லூரிகள்தான் நாட்டில் பெரும்பாலானவை என்னும்போது, வேறு எதை எதிர்பார்ப்பது? என் நிலைமை வேறு. வெளியே டோக்கன் வரிசை, உள்ளே டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பில் இருக்கும் ஒரு பயிற்சி மருத்துவர், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் கிடைக்கும் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் ஒன் மினிட் பிரிசெப்டர் என்ற கற்பித்தல் முறையைக் கையில் எடுத்தேன்.

இந்த முறை குடும்ப மருத்துவத்திலேயே பிறந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜான் நெஹரும் அவருடைய சகாக்களும் 1992இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஐந்து படிகள்: என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு முடிவைச் சொல்ல வைப்பது, அதற்கு ஆதாரம் கேட்பது, பொதுவான விதி ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது, சரியாகச் செய்ததைச் சொல்வது, தவறைத் திருத்துவது. சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை போதும். வேறு கருவி எதுவும் வேண்டாம்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கேஸ். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு எடுத்து வருகிறார், கிறுகிறுப்பு என்று வந்திருந்தார். பார்த்துவிட்டு வந்த முதலாண்டுப் பயிற்சி மருத்துவர், "காது சம்பந்தப்பட்ட கிறுகிறுப்பு மேடம், பீட்டாஹிஸ்டின் எழுதலாம்" என்றார். முடிவு சொல்லியாகிவிட்டது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தலை சுற்றுகிறது என்றாராம். எப்போது? காலை பத்து மணி வாக்கில், வேலைக்கு நடுவில், வியர்த்துக்கொண்டு வருகிறதாம். வியர்வை என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்ததும் பேச்சு நின்றது. கேஸ் ஷீட்டில் இருந்த மாத்திரைப் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நோயாளியிடம் போய்விட்டார். விடியற்காலை நாலு மணிக்கு டீயோடு மாத்திரை, பத்தரைக்கு மேல்தான் சாப்பாடு. அன்றும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. குளுக்கோமீட்டர் 61 காட்டியது, சர்க்கரை தாழ்ந்திருந்தது. முதலில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தோம், பாடம் அதற்குப் பிறகு.

பழைய பாணியில் என்றால் மாத்திரைப் பெயரைப் பார்த்ததும் நானே விடையைச் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டிருப்பார். இம்முறை நான் சொன்ன விதி ஒரே வரி: சல்ஃபோனைல்யூரியா (கிளிமிபிரைடு போல, சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய மாத்திரை வகை) எடுப்பவருக்குக் கிறுகிறுப்பு என்றால், காதைப் பார்க்கும் முன் சாப்பாட்டு நேரத்தைக் கேளுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்திருந்தார். அதனால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவது என்ற ஒரு காரணம் அப்போதே கழிந்துவிட்டது என்று குறிப்பிட்டுச் சொன்னேன். காதுக் கோளாறு என்று முடிவு செய்தவர் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை செய்யவில்லை என்பதைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

முதல் குறை பெயரிலேயே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் எதுவும் முடியாது. ஐந்து நிமிடம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். எல்லா நோயாளிக்கும் இதைச் செய்யப் பார்த்தால் மதியச் சாப்பாடு மாலையில்தான். ஒரு ஓ.பி.க்கு இரண்டு மூன்று பேர் என்று பொறுக்கி எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இரண்டாவது படியில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல். ஆதாரம் கேட்டால் விசாரணை நடக்கிறது என்றே நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளியிலிருந்து கேள்வி கேட்கப்பட்ட விதம் அப்படி. உடனே முகம் மாறி, "ஸாரி மேடம்" என்று சொன்ன முடிவையே திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், அது சரியான முடிவாக இருந்தாலும்கூட! இதற்கு நான் கண்ட வழி, சரியான முடிவுக்கும் ஆதாரம் கேட்பது. சில வாரங்களில், கேள்வி வந்தாலே தவறு என்று பொருளல்ல என்பது பிடிபட்டுவிடுகிறது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு விஷயம். அது ஆசிரியருக்கான பயிற்சி. என்னைப் போல் பேச்சு நிற்காதவர்களுக்கு இந்த முறையின் பெரிய லாபமே அதுதான்.

நோயாளி அறையில் இருக்கும்போது என்ன செய்வது என்பதையும் நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு படிகளைப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்கிறேன். பாராட்டு மட்டும் கட்டாயம் நோயாளியின் முன்னால். "இவர் நின்றும் படுத்தும் பிரஷர் பார்த்தது நல்லதாகப் போயிற்று" என்று நான் சொன்னதைக் கேட்ட பெரியவர், அடுத்த முறை அந்த டாக்டரம்மாவிடமே டோக்கன் வேண்டும் என்று நின்றார். திருத்தம் எப்போதும் வெளியே. மூத்தவர் கடிந்துகொண்ட மருத்துவர் எழுதிய மாத்திரையை யார் விழுங்குவார்கள்?

குடும்ப மருத்துவத்துக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு, அதுவும் முதல் படியிலேயே. முடிவு என்றால் நோயின் பெயர் என்றே பயிற்சி மருத்துவர்கள் நினைக்கிறார்கள். உடம்பெல்லாம் வலி, அசதி, தூக்கமில்லை என்று வரும் அம்மாவுக்கு முதல் நாளே நோயின் பெயர் சொல்ல முடியாது. பல பேருக்குக் கடைசி வரை சொல்லவே முடியாது. வற்புறுத்தினால் பெயர் ஒன்றைக் கற்பனை செய்வார்கள், இல்லாவிட்டால் தைராய்டு, பி12, வைட்டமின் டி என்று ஒரு முழம் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். இன்று இவருக்கு என்ன செய்யப் போகிறோம்? எதைத் தவறவிடக் கூடாது? என்ன நடந்தால் உடனே திரும்பி வரச் சொல்வீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் பெயர் இல்லாமலே அது முடிவுதான். என்னைக் கேட்டால், அட்டையின் முதல் வரியை இப்படியே அச்சிட வேண்டும்.

நாளாக நாளாக இன்னொன்றும் தெரிகிறது. இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் என் கேள்விகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நான் வாயைத் திறக்கும் முன் முடிவும் ஆதாரமும் ஒப்பித்தல் போல வந்து விழுகின்றன. அந்தக் கட்டத்தில் 2003இல் வந்த ஸ்னாப்ஸ் முறைக்கு மாறிவிடுவது நல்லது. அதில் கேஸைச் சுருக்கிச் சொல்வதிலிருந்து ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது வரை மாணவரே நடத்துகிறார். முதலாண்டுக்காரரிடம் அதைக் கொடுத்தால் திணறுவார்.

பயிற்சி மருத்துவர் நோயாளியிடம் எப்படிப் பேசினார் என்பதை இரண்டு முறைகளுமே காட்டுவதில்லை. நம் காதுக்கு வருவது அவர் சொல்லும் கதை மட்டும். மருமகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாரா, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாரா என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு, ஆசிரியர் நேரில் பார்த்துப் படிவத்தில் மதிப்பிடும் மினி-செக்ஸ் என்ற முறை வேண்டும். ஃபைமர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் நார்சினிதான் 1995இல் அதை எழுதினார். படிவம் நிரப்ப எனக்குப் பொறுமை கிடையாது என்றாலும் வாரம் ஒரு முறையாவது மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் ஐந்து படிகளையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். முடிவு கேட்பது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, இந்த இரண்டு போதும். "வெரி குட்" என்று தோளில் தட்டுவது நான்காம் படியில் சேராது. எது குட் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை ஓ.பி.யில் ஆரம்பிக்காதீர்கள். வியாழன், வெள்ளியில் கூட்டம் சற்றுக் குறைவு.