என்எம்பி22 பிளாடர்செக்: 4 சொட்டுச் சிறுநீர் எவ்வளவு சொல்லும்?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான புரதச் சோதனைகளில், நோயாளி காத்திருக்கும்போதே முடிவு தெரிகிற கிட்டுகள் சிலவே. அவற்றில் நிறைய ஆராயப்பட்டது பிளாடர்செக். பார்வைக்குக் கர்ப்பச் சோதனை அட்டை மாதிரியே இருக்கும்.

அட்டை தேடுவது நியூமா என்ற அணுக்கருப் புரதத்தை. என்எம்பி22 என்பதும் இதுவே. செல் பிரியும்போது குரோமோசோம்களைச் சரியாகப் பங்கிட உதவும் புரதம் இது. புற்றுச் செல்களில் மிகுந்திருக்கும். அவை மடியும்போது கரைந்து சிறுநீரில் கலக்கும். மில்லிலிட்டருக்கு 10 யூனிட் என்பதுதான் பாசிட்டிவுக்கான வரம்பு. சைட்டாலஜிக்கு, அதாவது சிறுநீரில் உதிர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனைக்கு, செல்கள் முழுசாக உதிர்ந்து வர வேண்டும், அவற்றைப் படிக்கத் தேர்ந்த கண்ணும் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம்.

தானாகக் கழித்த புதிய சிறுநீரை எடுத்து 2 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். டிராப்பரில் 4 முழுச் சொட்டுகள் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். 50 நிமிடம் தாண்டிய அட்டையைப் படிக்கக் கூடாது. அட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' இடத்தில் கோடு வராவிட்டால் அந்த அட்டை செல்லாது, புதியதில் மறுபடி செய்யுங்கள். முடிவைக் காட்டும் 'டி' இடத்தில் எவ்வளவு மங்கலாகக் கோடு தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மங்கல் கோட்டை 'லேசான பாசிட்டிவ்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சோதனையில் அப்படி ஒரு முடிவே கிடையாது. வெளிச்சம் போதாத மேசையில் வைத்துப் படித்தால் அந்தக் கோடு கண்ணுக்கே படாமலும் போகும்.

பொய்ப் பாசிட்டிவ் இதன் பெரிய குறை. நியூமா வெள்ளை அணுக்களிலும் உண்டு. ஆகவே சிறுநீர்த் தொற்று, கல், அழற்சி, நிறைய ரத்தம் என எது இருந்தாலும் கோடு விழலாம். குடல் துண்டை வைத்துச் சிறுநீர்ப் பாதை அமைத்துக்கொண்டவர்களுக்கும் அப்படியே, ஏனென்றால் குடலின் உள்தோல் செல்கள் ஓயாமல் உதிர்பவை. குழாய் விட்ட பிறகு எடுத்த மாதிரியும் ஏமாற்றும். சிஸ்டோஸ்கோப்பி (கேமராக் குழாயை விட்டுச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்யப்போகிற நாளில் அதற்கு முன்பே சிறுநீரை வாங்கிவிடுங்கள். முதலில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திவிட்டு அட்டையைத் திறப்பதே சரியான வரிசை.

2005-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதன் தரத்தை நேர்மையாகக் காட்டுகிறது. நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்ட 1,331 பேரில் 79 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பிளாடர்செக் 44 பேரைப் பிடித்தது, 35 பேரைத் தவறவிட்டது. சைட்டாலஜியோ, அதன் முடிவு கிடைத்த 76 புற்றுநோயாளிகளில் 12 பேரை மட்டுமே கண்டது. ஆனால் நோயில்லாதவரை நோயில்லை என்று சொல்வதில் சைட்டாலஜி 99.2 சதவீதம், பிளாடர்செக் 85.7 சதவீதம். கணக்குப் போட்டால், கோடு விழுந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு நோயாளியிடம் 'கேன்சர்' என்ற சொல்லை எடுப்பது கொடுமை.

இதன் உண்மையான பயன் சிஸ்டோஸ்கோப்பியோடு சேரும்போது தெரிகிறது. 2006-ல் வந்த தொடர்கண்காணிப்பு ஆய்வில், நோய் திரும்பிய 103 பேரில் ஸ்கோப் மட்டும் 94 பேரைக் கண்டது. அட்டையையும் சேர்த்தபோது 102. ஸ்கோப் தவறவிட்ட 9-ல் 8 இதில் சிக்கியது. ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாமல் அட்டை மட்டும் பாசிட்டிவ் என்றால், தொற்றும் கல்லும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மீண்டும் தேட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மறுபுறம், அட்டை நெகட்டிவ் என்பதற்காகச் சிஸ்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட இதே எண்கள் இடம் தரவில்லை. சிறுநீரில் ரத்தம் போனவர் விஷயத்தில் அது ஆபத்து.

நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, இனி எப்படிப் போகும் என்பதற்கு இந்த அட்டையில் விடை இல்லை. கட்டியைச் சுரண்டி எடுத்து, அந்தத் துண்டில் தசை இருக்கிறதா, அதற்குள் புற்று ஊடுருவியிருக்கிறதா என்று நோயியல் நிபுணர் பார்த்தால்தான் தெரியும்.

போட்டி அட்டையான பிடிஏ ஸ்டாட்டுக்கு 5 நிமிடம் போதும். ஆனால் அது தேடும் புரதத்தை ஒத்த காரணி எச் என்ற இன்னொரு புரதம் ரத்தத்திலேயே தாராளமாக உண்டு. சிவந்த சிறுநீரில் அதன் முடிவை நம்ப முடியாது. இரண்டில் ஒன்று வாங்குவதென்றால் பிளாடர்செக்தான், அதுவும் சிஸ்டோஸ்கோப்பி வசதியுள்ள இடத்தில் மட்டும்.