வந்ததும் வராததுமாக: ஷின் கான்சென் மாஸ்டர் என்1 இலக்கண நூலின் முதல் பாடம்

ஒன்று நடந்த மறுகணமே இன்னொன்று நடப்பதைச் சொல்லத் தமிழில் '-தும்' போதும். வந்ததும் அழுதான், வந்ததும் சொல், வந்ததும் சொல்கிறேன் என எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஜப்பானிய மொழியில் இவை தனித்தனி வடிவங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (ஜேஎல்பிடி) மிக உயர்ந்த நிலையான என்1க்காக த்ரீ ஏ நெட்வொர்க் 2011இல் வெளியிட்ட இந்த நூல் முதல் பாடத்திலேயே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

கா ஹயாய் கா, யா இனாயா, நாரி, சோபா காரா ஆகிய நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த வினைவடிவத்தோடு சேரும், பின்பாதியில் எது வரக்கூடாது என்ற மூன்றும் சில வரிகளில் முடிந்துவிடும். மூன்றாவது குறிப்புக்காகவே நூலை வாங்கலாம். முதல் மூன்று வடிவங்களுக்குப் பின் கட்டளை, வேண்டுகோள், 'செய்யப்போகிறேன்' என்ற எண்ணம் எதுவும் வராது. நடந்து முடிந்ததைத்தான் சொல்லலாம். '-தும்' பழக்கத்தில் நாம் தவறுவது இங்கேதான். 'பொருள் கிடைத்ததும் தெரிவிக்கிறேன்' என்பதற்கு ஷிதாய் வேண்டும். அது வினையின் மரியாதை விகுதியான 'மாஸு' நீங்கிய வடிவத்தோடு சேரும். ஷிதாய், இதே வரிசையில் ஒரு படி கீழான என்2 நிலைக்குரிய தொகுதியில் இருக்கிறது, ஆகவே அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாரிதான் மிகவும் வழுக்கும். அகராதியில் இருக்கும் மாறாத வினைவடிவத்தோடு சேரும், இரண்டு செயலையும் செய்பவர் ஒருவரே, அவரும் பேசுபவராக இருக்கமாட்டார், பின்செயல் எதிர்பாராததாக இருக்கும். 'ஹஹா நோ காவோ ஓ மிரு நாரி நாக்கிதாஷித்தா': அம்மா முகத்தைப் பார்த்ததும் குழந்தை அழ ஆரம்பித்தது. இதையே இறந்தகால வடிவத்தோடு 'தா நாரி' என்று எழுதினால் 'போனவன் போனவன்தான்' என்பதுபோல, அந்த நிலை அப்படியே நீடிப்பதாகப் பொருள் மாறிவிடும்.

சோபா காரா நமக்கு எளிது. கூட்டக் கூட்டக் குப்பை சேர்கிறது, படிக்கப் படிக்க மறக்கிறது என்ற நம் அடுக்குத்தொடரின் எரிச்சல் அதில் அப்படியே இருக்கிறது. ஒருமுறை மட்டும் நடந்ததற்கு அதைப் போட்டால் தவறு. 'மணி அடித்ததும் அடிக்காததுமாக' என்பதற்கு நிகரான 'கா... நாய் கா நோ உச்சி நி' என்ற அழகான வடிவமும் என்2 தொகுதியில்தான்.

குறை என்றால், விளக்கங்கள் ஜப்பானிய மொழியிலேயே இருக்கின்றன, அதுவும் மிகச் சுருக்கமாக. யா இனாயா எழுத்து நடைக்குரியது, நண்பரிடம் பேசும்போது அது விறைப்பாக ஒலிக்கும். இத்தகைய தொனி வேறுபாட்டை உணர ஓரிரு எடுத்துக்காட்டுகள் போதாது. செய்தித்தாள் வாசிப்பும் வேண்டும். என்2 நிலை உறுதிப்படாதவர்கள் இப்போது வாங்க வேண்டாம்.

பயிற்சி செய்யும்போது பொருளை யோசிக்கும் முன் கோடிட்ட இடத்துக்கு இடப்பக்க வினைவடிவத்தைப் பாருங்கள், பிறகு வாக்கியத்தின் கடைசி வினையை. நான்கு விடைகளில் குறைந்தது இரண்டு அதிலேயே கழிந்துவிடும்.