ஜாங்கோவில் பின்னணி ஸ்கிரிப்டுகள்: கிரானிலிருந்து சிஸ்டம்டி டைமர் வரை

காலாவதியான செஷன்களை அழிப்பது, இரவு அறிக்கை தயாரிப்பது, நினைவூட்டல் மெயில் அனுப்புவது என்று நான் பராமரிக்கும் ஜாங்கோ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) செயலியில் நேரம் வைத்து ஓட வேண்டிய வேலைகள் நிறைய. பல வருடங்களில் கிரான் (லினக்ஸில் குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பழைய கருவி), ஏபி ஷெட்யூலர் (பைதான் ப்ராசஸுக்குள்ளேயே அதைச் செய்யும் லைப்ரரி), செலரி பீட் (செலரி என்னும் பின்னணி வேலை வரிசையின் நேரங்காட்டி) எல்லாவற்றையும் பயன்படுத்தியாயிற்று. இப்போது ஒவ்வொரு வேலையும் ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட், அதாவது manage.py வழியாக ஓட்டும் ஜாங்கோ கட்டளை. அதை எழுப்பிவிடுவது, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர். இதை மாற்றும் எண்ணம் இல்லை.

மேனேஜ்மென்ட் கமாண்டாக எழுதினால் செட்டிங்ஸ், மாடல்கள், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் தயாராகக் கிடைக்கும். தனி பைதான் ஸ்கிரிப்ட் என்றால் ஜாங்கோவின் செட்டப்பை நாமே அழைத்து, அதன் பிறகுதான் மாடல்களை இம்போர்ட் செய்ய வேண்டும். தேதியை ஆர்கியுமென்டாக வாங்கும்படி எழுதிவிடுங்கள். ஓர் இரவு ஓடாமல் போனால், மறுநாள் அந்தத் தேதியைக் கொடுத்து ஓட்டினால் போதும்.

கிரானில் எல்லாருக்கும் வரும் புகார் ஒன்றுதான்: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை. கிரான் நம் லாகின் ஷெல்லின் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. அதனால் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சுருங்கிவிடும், அங்கே வைத்திருந்த சாவிகளும் பாஸ்வேர்டுகளும் இருக்காது. விர்ச்சுவல் என்விரான்மென்டை (ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைத்த பைதான்) ஆக்டிவேட் செய்ய மெனக்கெட வேண்டாம். அதற்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையைக் கொடுத்தாலே சரி. இன்னொன்று, கிரான்டேப் (கிரானின் அட்டவணைக் கோப்பு) வரியில் % வந்தால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். லாக் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கப் போகிறவர்கள் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுக்கொள்ளவும்.

ஏபி ஷெட்யூலரை வெப் ப்ராசஸுக்குள்ளேயே வைத்தால் வேலை எளிது போலத் தெரியும். ஆனால் ஜாங்கோவை ஓட்டும் வெப் சர்வரான கூனிகார்னில் 4 வொர்க்கர் ப்ராசஸ் இருந்தால் ஷெட்யூலரும் 4 ஆகிவிடும். ஒரே நினைவூட்டல் ஒருவருக்கு நான்கு முறை போய்ச் சேரும்.

செலரியைக் குறை சொல்ல மாட்டேன். பயனர் பட்டனை அழுத்தியதும் பின்னால் ஓட வேண்டியது, தோற்றால் திரும்ப முயல வேண்டியது எல்லாம் அதற்கே உரியவை. இரவில் ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்டுக்கு மட்டும் ப்ரோக்கர் (வேலைகளை வரிசையில் வைத்திருப்பது), வொர்க்கர் (அவற்றை ஓட்டுவது), பீட் என்று மூன்றைக் காவல் காப்பது எனக்கு அதிகப்படி. பீட் வேறு ஒன்றுக்கு மேல் ஓடக் கூடாது. ரெடிஸ் (நினைவகத்தில் இயங்கும் டேட்டாபேஸ்) ப்ரோக்கராக இருந்தால் விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது முடிந்ததாகத் தகவல் வராத டாஸ்க்கை மறுபடி கொடுப்பதற்கு முன் காத்திருக்கும் நேரம், இயல்பாக 1 மணி நேரம். அதைவிடத் தள்ளி நேரம் குறித்த டாஸ்க் இரண்டு முறை ஓடலாம்.

டைமருக்கு வருவோம். ஒரு வேலைக்கு சர்வீஸ், டைமர் என்று இரண்டு கோப்பு எழுதுவது சலிப்புதான். ஆனால் முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் அடுத்தது தொடங்காது. கிரானில் இதற்கே எஃப்லாக் (கோப்பைப் பூட்டி இரண்டாவது ஓட்டத்தைத் தடுக்கும் கட்டளை) வேண்டும். டைமர் கோப்பில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பைப் போட்டிருந்தால், சர்வர் அணைந்திருந்தபோது தவறியதை மீண்டும் எழுந்ததும் ஓட்டிவிடும். லாக் சிஸ்டம்டியின் ஜர்னலில் தானாகச் சேரும். ரகசியங்களுக்குத் தனி என்விரான்மென்ட் கோப்பு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்ஷாட் வகை (ஒரு முறை ஓடி முடியும்) சர்வீஸுக்கு இயல்பாகத் தொடக்க டைம்அவுட் கிடையாது. வெளி ஏபிஐ ஒன்றின் பதிலுக்காக ஸ்கிரிப்ட் தொங்கி நின்றால், அடுத்தடுத்த இரவுகளும் எரரே இல்லாமல் கடந்துபோகும். டைம்அவுட்டைக் கையால் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் ஒரு கண்காணிப்பு முகவரிக்குப் பிங் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிங் வராத காலையில் அலர்ட் வரும். இரண்டு சர்வர் இருந்தால் டைமர் ஒன்றில் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தரும் அட்வைசரி லாக் என்ற பூட்டைப் போட்டுக்கொள்ளலாம்.